உப்புத் தண்ணீரும் ஷேவிங் செட்டும்

முகச்சவரத்துக்குப் பயன்படும் பாதுகாப்பு ரேசர், தமிழ் வீடுகளில் ஷேவிங் செட் என்று வழங்கும் அந்தச் சிறு கருவி, இயல்பிலும் ஆயுளிலும் வேறுபட்ட இரண்டு பொருள்களின் சேர்க்கையாகும். ஒன்று, சில முறை பயன்பட்டதும் எறியப்படும் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகு பிளேடு. மற்றொன்று, ஒழுங்காகப் பேணினால் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேரக்கூடிய உலோகச் சட்டம். பிளேடு மழுங்குவதற்கும் சட்டம் பாழாவதற்கும் காரணங்கள் வேறுவேறு என்பதால், இரண்டையும் ஒரே முறையில் தேய்த்துக் கழுவுவது பெரும்பாலும் இரண்டுக்குமே கேடாக முடிகிறது. வங்கக் கடலின் உப்புக் காற்று வீசும் புதுச்சேரிக் கிராமப்புறத்தில், குறிப்பாகப் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில், இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது கூடுதல் பயன் தரும். ஏனெனில் அங்கே ரேசரைத் தாக்குவது முடி மட்டுமல்ல, அதைக் கழுவும் தண்ணீரும் அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும்கூட.

தீட்டுவதிலிருந்து கழுவுவதற்கு

தோலின் மேல் பிளேடின் விளிம்பு மட்டுமே படும்படி ஒரு காப்பு அமைப்பைப் பொருத்தும் எண்ணம் பழையது. 1880இல் அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ரேசரிலும் காப்பு விளிம்பு இருந்தது. ஆனால் அதில் பொருத்திய தடித்த பிளேடைப் பயன்படுத்துபவரே அடிக்கடி தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டத் தேவையில்லாத, மழுங்கினால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டுப் பிளேடு என்ற கருத்து 1895இல் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்குத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய எஃகைச் சுருங்காமல் வளையாமல் கடினப்படுத்தும் வழியைக் காண்பதற்கு வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளரின் உழைப்பு தேவைப்பட்டது. 1903இல் அந்நிறுவனம் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தாம்; காப்புரிமை 1904 நவம்பர் 15 அன்று கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்பு, சவரக் கருவியைப் பேணும் வேலையின் தன்மையையே மாற்றியது. அதுவரை அந்த வேலை விளிம்பைத் தீட்டுவதாக இருந்தது. அதன்பின் விளிம்பு தொழிற்சாலையின் பொறுப்பாகிவிட, வீட்டில் இருப்பவருக்கு எஞ்சியது சட்டத்தைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பது மட்டுமே. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகப் பிரியும் ரேசரில் இந்த வேலை எளிது. அடிக் குமிழைத் திருகினால் மேலே இரு கதவுகள் திறக்கும் வகை ரேசரிலோ உள்ளே கம்பிகளும் இணைப்புகளும் மறைந்திருப்பதால், அங்கே சேரும் அழுக்கு கண்ணுக்கும் படாது, பிரஷுக்கும் எட்டாது.

முடி எஃகை வெல்வது எப்படி

முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமான எஃகு, முடியை வெட்டியே மழுங்குவது வெகுநாள் புதிராக இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கியான்லூக்கா ரொஸ்சியோலி, செம் தாசன் ஆகியோர் அடங்கிய குழு 2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. சவரம் செய்த பிளேடுகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டுபோவதற்கு மாறாக, ஆங்காங்கே நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்திருந்தது தெரிந்தது. முடி விறைப்பாக நிற்காமல் பிளேடின் அடியில் வளைந்துகொடுக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்றிருக்கும் புள்ளியில், அதுவும் முடியின் ஓரம் படும் இடத்தில் விசை குவிந்தால், அங்கே சில்லு பெயர்கிறது என்று அக்குழு விளக்கியது.

புதிய பிளேடின் நுனி நூறு நானோமீட்டருக்கும் குறைவான ஆரம் கொண்டது. அதாவது முடியின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நுனியின் மேல் கடினமான கரிமப் பூச்சோ உலோகப் பூச்சோ, அதற்கும் மேல் வழுக்கிச் செல்வதற்கான டெஃப்லான் வகைப் பூச்சோ இடப்பட்டிருக்கும். ஆகவே பிளேடின் விளிம்பைத் துண்டில் துடைப்பதும் பிரஷால் தேய்ப்பதும் விரலைக் கிழிப்பதோடு, பூச்சையும் கெடுக்கக்கூடிய செயல்களாகும். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடை வைத்துத் தேய்த்து மேலும் சில நாள் ஓட்டும் பழைய வழக்கம் வளைந்த விளிம்பைச் சற்று நிமிர்த்தலாம். பெயர்ந்துபோன சில்லை அது திரும்ப ஒட்டவைக்காது. பிரமிடு வடிவக் கூட்டின் கீழ் வைத்தால் பிளேடு தானே கூர்மையடையும் என்று கூறிய கருவிக்கு 1959இல் செக்கோஸ்லோவாக்கியாவில் காரெல் ட்ர்பால் என்பவர் காப்புரிமையே பெற்றிருக்கிறார். காப்புரிமைச் சான்றிதழ் ஒன்று அறிவியல் நிரூபணம் ஆகிவிடாது என்பதற்கு அது நல்ல சான்று.

எவர்சில்வர் டம்ளர் பல ஆண்டுகள் துருவின்றி இருக்க, ‘ஸ்டெயின்லெஸ்’ என்று அச்சிட்ட பிளேடு மட்டும் ஏன் கறைபிடிக்கிறது என்ற கேள்வி நியாயமானதே. தரமான எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. கார்பன் மிகக் குறைவு. பிளேடு எஃகிலோ கூர்மை நிற்க வேண்டும் என்பதற்காக 0.6 முதல் 0.7 சதவீதம் வரை கார்பன் சேர்க்கப்படுகிறது. குரோமியம் 13 சதவீத அளவிலேயே இருக்கிறது. அந்தக் குரோமியத்திலும் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு துகள்களாகிவிடுவதால், மேற்பரப்பைக் காக்க எஞ்சுவது இன்னும் குறைவு. துருவைத் தடுப்பது, குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து தானாக உருவாக்கும் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலமே. பிளேடில் அந்தப் படலம் டம்ளரில் உள்ளதைவிடப் பலவீனமானது.

ஒரு சொட்டில் நடப்பது

பிள்ளையார்குப்பம் என்ற பெயரில் வில்லியனூர் கொம்யூனிலும் ஓர் ஊர் உண்டு. இங்கே பேசப்படுவது புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், கிருமாம்பாக்கத்தை ஒட்டி, மருத்துவக் கல்லூரியால் அறியப்படும் பாகூர்ப் பக்கத்து ஊர். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீரைப் பெறும் பாகூர் ஏரி இப்பகுதியின் வயல்களுக்கு ஆதாரம் என்றாலும், வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீரே. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால், நன்னீரின் அழுத்தம் குறைந்து கடல்நீர் உள்ளே புகுகிறது. எனவே, ஆழ்குழாயின் ஆழத்தையும் கடலிலிருந்துள்ள தொலைவையும் பொறுத்து, ஒரு தெருவில் நல்ல தண்ணீரும் அடுத்த தெருவில் உப்புத் தண்ணீரும் கிடைப்பது கடற்கரை ஊர்களில் காணக்கூடியது. சோப்பு எளிதில் நுரைக்காமல், வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால், அந்த நீர் ரேசரிலும் அதையே செய்யும் என்று கொள்ளலாம்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்த திடப்பொருள் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த மேல் எல்லையில் உள்ள நீரின் ஒரு சொட்டு, அதாவது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், ரேசரில் தங்கி ஆவியானால் 0.1 மில்லிகிராம் உப்புகளை விட்டுச் செல்லும். அளவு அற்பமாகத் தோன்றினாலும், அது படிவது பிளேடுக்கும் மேல்மூடிக்கும் இடையில் உள்ள, காற்றே புகாத இடுக்கில் என்பதுதான் சிக்கல்.

இரும்பின் மேல் விழுந்த ஒரு சொட்டு உப்புநீரில் என்ன நிகழ்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிவியலாளர் யூ. ஆர். எவன்ஸ் 1920களில் காட்டினார். சொட்டின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாகக் கரைகிறது. நடுவில் அது குறைவு. ஆக்சிஜன் மிகுந்த ஓரம் எதிர்மின் முனையாகவும், குறைந்த நடுப்பகுதி நேர்மின் முனையாகவும் மாறி, அந்தச் சொட்டே ஒரு நுண்மின்கலம் ஆகிவிடுகிறது. நடுவில் இரும்பு கரைய, இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படிகிறது. பழைய பிளேடில் பழுப்பு நிறத்தில் காணப்படும் சிறு வட்டக் கறைகள் பலவும் இவ்வாறு உருவானவையே. நீரில் குளோரைடு இருந்தால் நிலைமை மோசமாகும். குரோமியம் ஆக்சைடு படலத்தைச் சில புள்ளிகளில் உடைத்து ஊசி குத்தியதுபோன்ற குழிகளைத் தோண்டும் இந்த வினை குழி அரிப்பு எனப்படுகிறது. ஆக்சிஜன் எட்டாத இடுக்கில், உடைந்த படலம் மீண்டும் உருவாக வழியில்லாமல் அரிப்பு தொடர்வது இடுக்கு அரிப்பு.

நன்றாக உதறி வைத்த ரேசர்கூடக் கடற்கரை ஊரில் முழுக்கக் காய்ந்துவிடுவதில்லை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் அடங்கிய மக்னீசியம் குளோரைடோ 33 சதவீத அளவிலேயே அவ்வாறு செய்கிறது. ஆகவே, பகலில் காய்ந்ததாகத் தோன்றும் படிவு இரவில் ஈரமாகி, அரிப்பை மீண்டும் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஈரமான பல் பிரஷ்களோடு ஒரே பிளாஸ்டிக் டம்ளரில் நிறுத்திவைக்கப்பட்ட ரேசர், கோடையைவிட விரைவாகக் கெடுவதன் காரணம் இதுவே.

இதற்கான தீர்வு எளியது; பெரும்பாலும் செலவற்றது. சவரம் முடிந்ததும் கைப்பிடியை ஒரு திருகு தளர்த்தி, ஓடும் நீரில் இரு பக்கமும் அலசி, கடைசியாகக் குடிநீர்க் கேனிலிருந்து அரை டம்ளர் தண்ணீரை ஊற்ற வேண்டும். எதிர் சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கப்பட்ட அந்த நீர், முன்னதாக ஒட்டியிருந்த உப்புநீரை வெளியேற்றிவிடுவதால், பின்னர் ஆவியாவது பெரும்பாலும் வெறும் நீரே. அதன்பின் நன்றாக உதறி, மீண்டும் திருகி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் தலைப்பகுதி எதையும் தொடாதபடி நிறுத்தினால் போதும். விளிம்பைத் துடைக்க வேண்டியதில்லை.

மூன்று படிவுகள், மூன்று வழிகள்

பிளேடைப் பொறுத்தவரை இவ்வளவே கவனிப்பு. சட்டத்துக்கோ வாரம் ஒரு முறையாவது, அல்லது பிளேடு மாற்றும்போதெல்லாம், முழுச் சுத்தம் தேவை. முதலில் பிளேடின் இரு குறுகிய ஓரங்களைப் பிடித்து எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். அதன்பின் சட்டத்தில் காணப்படும் வெண்மையான அழுக்கு, ஒன்றுபோலத் தோன்றினாலும், வேதியியலில் மூன்று வெவ்வேறு பொருள்களாக இருக்கக்கூடும்.

முதலாவது சோப்புப் படிவு. சோப்பு என்பது கொழுப்பு அமிலங்களின் சோடியம் அல்லது பொட்டாசியம் உப்பு. கடினநீரில் உள்ள கால்சியம் அதனோடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் ஸ்டியரேட்டாக மாறுகிறது. வெட்டுப்பட்ட முடித் துணுக்குகளையும் தோல் செதில்களையும் இந்தப் பிசுபிசுப்பே பிடித்துவைக்கிறது. இதன் மேல் நேரடியாக எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால், கால்சியம் பிரிந்தாலும் மெழுகு போன்ற ஸ்டியரிக் அமிலம் அங்கேயே தங்கிவிடும். ஏறத்தாழ 69 பாகை செல்சியஸில்தான் அது உருகும். எனவே முதல் படி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் காப்பு விளிம்பின் பற்களையும் திருகின் புரிகளையும் தேய்ப்பது. அத்திரவத்தில் உள்ள மேற்பரப்புச் செயலிகள் கடினநீரிலும் கட்டிதட்டாமல் அழுக்கைப் பிரித்தெடுக்கும்.

இரண்டாவது சுண்ணாம்புப் படிவு, அதாவது கால்சியம் கார்பனேட். டிடர்ஜெண்ட்டுக்கு இது மசியாது. அமிலத்தில் மட்டுமே கரையும். ஏறத்தாழ 5 சதவீத அசெட்டிக் அமிலம் கொண்ட வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, அதில் சட்டத்தைப் பத்து நிமிடம் போட்டால், கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் எழும்பிப் படிவு கரையும். குமிழி நின்றதும் எடுத்துவிட வேண்டும். இரவு முழுதும் ஊறவைப்பது தவறு.

மூன்றாவது, அழுக்கே அல்லாத படிவு: உலோகம் தானே அரிபட்டு வெளித்தள்ளிய வெண்பொடி. விலை குறைந்த ரேசர்கள் பலவற்றின் தலைப்பகுதி, சுமார் 4 சதவீத அலுமினியம் கலந்த துத்தநாகக் கலவையை வார்த்து, அதன் மேல் நிக்கலும் குரோமியமும் பூசிச் செய்யப்படுகிறது. பளபளக்கும் அந்தக் குரோமியப் பூச்சு பெரும்பாலும் அரை மைக்ரான் தடிப்புகூட இராது. பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போனால், உப்பு ஈரத்தில் துத்தநாகம் எஃகு பிளேடோடும் நிக்கலோடும் சேர்ந்து மின்வேதி இணையாகிறது. அவற்றில் வினைத்திறன் மிகுந்த துத்தநாகமே கரையும். மேல்மூடியின் அடிப்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்: சுண்ணாம்பு இருந்த இடம் கழுவியபின் மீண்டும் பளபளக்கும், துத்தநாகம் அரிபட்ட இடத்தில் பூச்சு கொப்புளம்போல் எழும்பி, அதன் கீழ் சாம்பல் நிறக் குழி இருக்கும். அத்தகைய ரேசரை வினிகரில் போடுவது அரிப்பை விரைவுபடுத்துவதே. குழி பிளேடு அமரும் தளத்திலேயே விழுந்துவிட்டால், பிளேடு சமமாக அமராது. அந்தச் சட்டத்தை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

ஆக, டிடர்ஜெண்ட் முதலில், அமிலம் தேவைப்பட்டால் மட்டும் அதன்பின், நல்ல தண்ணீரில் அலசல் இறுதியில் என்பதே முறை. இதற்கு மாறாக, பித்தளைப் பாத்திரத்தைத் துலக்கும் பழக்கத்தில் புளியும் உப்பும் கலந்து தேய்ப்பதும், பாத்திரப் பொடியும் கம்பி நாரும் கொண்டு உரசுவதும் பூச்சுள்ள ரேசருக்கு ஆகாது. புளியின் டார்டாரிக் அமிலம் பூச்சில்லாத பித்தளையின் ஆக்சைடை நீக்கிப் பொன்னிறம் காட்டும் என்பது உண்மையே. பழைய ரேசர்கள் பல உள்ளே பித்தளையானாலும், வெளியே இருப்பது நிக்கல் பூச்சு என்பதை மறக்கலாகாது. சவரத்துக்குப்பின் தடவும் படிகாரக் கல்லும் இவ்வகையில் கவனிக்க வேண்டிய ஒன்று. பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட் என்ற அந்த உப்பு நீரில் கரையும்போது அமிலத்தன்மை கொள்கிறது. படிகாரம் தடவிய ஈரக் கையோடு ரேசரைப் பிரித்து மாட்டினால் அந்த அமிலம் திருகுப் புரிகளில் தங்கிவிடும். கதவு திறக்கும் வகை ரேசரின் இணைப்புகளுக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

தோலும் தொற்றும்

பார்வைக்குச் சுத்தமாக இருப்பதும் கிருமி நீங்கியிருப்பதும் ஒன்றல்ல. சவரம் முடியோடு தோலின் மேலடுக்கையும் சிறிது சீவியெடுப்பதால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் உண்டாகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் முடியை அகற்ற நேர்ந்தால் ரேசரைப் பயன்படுத்தாமல், தோலைக் கீறாத கிளிப்பரையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அறிவுறுத்தியதற்கு இதுவே அடிப்படை.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ், உலர்ந்த இரத்தக் கறையில் குறைந்தது ஏழு நாள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடியது. ஆகவே ஒரு வீட்டில் தகப்பனும் மகனும் ஒரே சட்டத்தைப் பகிர்ந்துகொள்வதையும் தவிர்ப்பதே நல்லது. ஒரே பிளேடைப் பகிர்வது அறவே கூடாது. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டதை அடுத்து, தமிழகத்திலும் புதுச்சேரியிலும் விழிப்புணர்வு பரவியது. ஆளுக்கொரு புதிய பிளேடு என்ற வழக்கம் சலூன்களில் வேரூன்றியது. இரு பக்கப் பிளேடைக் காகித உறையோடு வளைத்து நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை மட்டும் கத்திப் பிடியில் செருகிக்கொள்ளும் சலூன் முறை அந்த வழக்கத்துக்குச் சிக்கனமாகக் கைகொடுக்கிறது.

வேறொருவர் பயன்படுத்திய பழைய சட்டத்தைப் பெறுபவர், மேற்கூறிய முறையில் அழுக்கை நீக்கியபின், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் அதைச் சில நிமிடம் மூழ்கவைக்கலாம். 95 சதவீதத்தைவிட 70 சதவீதம் திறம்படச் செயல்படுவது முரணாகத் தோன்றலாம். கிருமியின் புரதங்களைச் சிதைக்க ஆல்கஹாலுக்கு நீரின் துணை வேண்டும் என்பதே காரணம். அழுக்கு இருக்கும்போது ஆல்கஹால் அதன் அடியில் உள்ள கிருமியை எட்டாது என்பதால், வரிசை மாறக்கூடாது. அருகில் தீ இருக்கவும் கூடாது. மருத்துவமனைத் தரைகளைத் துடைக்கப் பயன்படும் பிளீச்சிங் கரைசல் கிருமியைக் கொல்வதில் வல்லதாயினும், அதிலுள்ள ஹைப்போகுளோரைட் எஃகின் காப்புப் படலத்தையும் தாக்கும். எனவே ரேசருக்கு அது பொருந்தாது.

எறிவதும் பராமரிப்பே

மழுங்கிய பிளேடு முடியை வெட்டத்தான் தவறும். குப்பைப் பையில் கைவிடும் தூய்மைப் பணியாளரின் விரலை வெட்டத் தவறாது. முந்தைய நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளின் குளியலறை அலமாரிகளில் பிளேடு போடுவதற்கென்றே ஒரு கீறல் திறப்பு இருந்தது. அதன் வழியே போட்ட பிளேடுகள் சுவரின் உள்வெற்றிடத்தில் விழுந்து, வீடு இடிக்கப்படும் நாள் வரை அங்கேயே கிடந்தன. அது சிக்கலைத் தீர்த்ததாகாது, ஒத்திப்போட்டதே. பால்பவுடர் டின் ஒன்றின் மூடியில் பிளேடு மட்டும் நுழையும் அளவுக்குக் கீறி, மூடியை ஒட்டிவிட்டால், ஒரு குடும்பத்தின் பல ஆண்டுப் பிளேடுகள் அதில் அடங்கும். பிளேடும் எஃகு, டின்னும் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால், நிறைந்த டின்னைப் பிரிக்காமல் அப்படியே பழைய இரும்புக் கடையில் ஒப்படைக்கலாம். உள்ளே இருப்பது பிளேடு என்று வெளியே எழுதி ஒட்டிவைப்பது அதைக் கையாளுபவருக்கு உதவும்.

இவ்வாறு பார்த்தால், பிளேடுக்குத் தேவைப்படுவது குறைவான தொடுகையும் விரைவான உலர்வும். சட்டத்துக்குத் தேவைப்படுவது அந்தந்தப் படிவை அறிந்து செய்யும் சுத்தம். இவ்விரண்டையும் எந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்பதை ரேசரின் உறையில் அச்சிட்ட குறிப்பைவிட, அந்த வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரே சரியாகச் சொல்லும்.